வாலாஜாபாத் வீட்டு ஜாமீன்

மருமகள் கொண்டுவந்து வைத்த காபியைத் தில்லையம்மாள் தொடவில்லை. தொடாதது மட்டுமா? தம்ளரோடு எடுத்துக்கொண்டு போய்ப் புழக்கடையில் கொட்டிவிட்டு வந்தாள். வந்தவள் சும்மா உட்கார்ந்தாளா என்றால் அதுவும் இல்லை. பரண்மேல் கிடந்த கரியடுப்பை இறக்கித் தாழ்வாரத்தில் வைத்து ஊத ஆரம்பித்துவிட்டாள். இந்த வயதில் தனி அடுப்பு!

"புகை கண்ணுல ஏறுது அத்தை. நவுருங்க, நான் பத்த வெச்சித் தரேன்..."

"கிட்ட வராதே! எம் புள்ள கம்பிக்குள்ள கெடக்கிறான். நீ ஊரான் புள்ளைய வெளிய கூட்டிக்கினு வந்திருக்கிறே. உன் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் எனக்கு விஷம்டி அது!"

பெரியநாயகியிடம் பதில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு அரிசி களையப் போனாள்.

நடந்தது பிள்ளையார்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். எழுபத்து மூன்றாம் வருஷம், பட்டு நூல் கிடைக்காமல் பாதித் தறிகள் நின்றுபோயிருந்த சமயம். மந்திரி ஒருவர் ஊருக்கு வருகிறார், கருப்புக் கொடி காட்டுவோம் என்று நெசவாளர் சங்கத்தில் முடிவு செய்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். கொடி மட்டும் போதாது, ஆளுக்கொரு நாடாவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனால்தான் தறி நின்றது மந்திரிக்கு உறைக்கும் என்று யாரோ ஒரு மகானுபாவன் யோசனை சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறிக்குள் ஓடும் மரக்கட்டை. இரண்டு முனையிலும் கூரான இரும்பு. தறிக்காரனுக்கு அது பிழைப்பு, போலீஸ்காரனுக்கு அது ஆயுதம். இதை யோசித்துப் பார்க்க அத்தனை பேரில் ஒருத்தருக்கும் புத்தி வரவில்லை!

தடியடி நடந்தது. ஒரு கான்ஸ்டபிளின் நெற்றி கிழிந்தது. கையில் நாடாவோடு பிடிபட்டவன் தேவசகாயம். அவன்மேல் கொலை முயற்சி என்று எழுதினார்கள். அடுத்த தெருவில் பிடிபட்ட துரைக்கண்ணுமேல் கூட்டம் கூடியதாகச் சின்ன வழக்கு. இருவரையும் ஒன்றாக சப்-ஜெயிலில் வைத்தார்கள்.

துரைக்கண்ணு தில்லையம்மாளின் இளைய மகன். பெரியநாயகியின் கொழுந்தன். தேவசகாயம் அவனோடு ஒரே தறியில் உட்காருகிறவன். உடலும் கரையும் தனித்தனி நூலில் நெய்து இணைக்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் உடலை நெய்ய, இன்னொருத்தன் மறுகோடியில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிட வேண்டும். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போனால்தான் கரை பிரியாமல் நிற்கும். ஐந்தாறு வருஷமாக அந்த இரண்டு கைகளும் ஒன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

கோர்ட்டில் இருவருக்கும் ஜாமீனுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சொந்த வீடு காட்டுகிற ஆள் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வீட்டைக் காட்டி ஒருத்தனைத்தான் வெளியே எடுக்கலாம் என்றார்கள். இவர்கள் குடியிருக்கிற வீடு பங்காளிகளோடு பாகம் பிரியாதது, அது செல்லாது. தாமலிலிருந்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த தில்லையம்மாளின் தம்பி, அரசியல் கேஸ் என்று தெரிந்ததும் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது பெரியநாயகிக்கு அவள் அப்பா எழுதிவைத்த வாலாஜாபாத் ஓட்டு வீடுதான்.

அவளே முன்வந்து, "நான் போடறேன்" என்றாள். தில்லையம்மாள் அன்றைக்கு அவள் முகவாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பெரியநாயகியின் கணவன் ஆதிகேசவன் கோர்ட் வரைக்கும் கூடப் போனான். தம்பியை நடக்கவைத்து அழைத்துப் போக மனம் வராமல், ரிக்‌ஷா பிடித்து வரக் கடைத்தெருவுக்கு ஓடினான். திரும்பி வந்தபோது படியிறங்கி வந்தவன் தேவசகாயம்! முகம் வீங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான்.

"தம்பி எங்க?"

"உள்ளதாங்க இருக்குது" என்றாள் பெரியநாயகி. "தேவசகாயத்துக்குத்தான் போட்டேன்."

ஆதிகேசவன் ஒரே கேள்விதான் கேட்டான். "ஏன்?"

"இப்ப சொல்ல முடியாதுங்க."

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற தில்லையம்மாள், மகன் வராததைப் பார்த்துத் தட்டைக் கீழே போட்டாள்.

பெரியநாயகி சொல்ல முடியாத விஷயம் இதுதான். கையெழுத்துப் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு சப்-ஜெயிலுக்குச் சோறு கொண்டுபோனபோது, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து துரைக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

"அண்ணி, அந்த நாடா என்னுது. அந்த போலீஸ்காரரு என் முடியப் புடிச்சி இழுத்தாரு. கையில இருந்தத வீசிட்டேன். ரத்தத்தப் பாத்ததும் கை காலு ஓடல அண்ணி... தேவசகாயம்தான் என் கையிலருந்து நாடாவப் புடுங்கிக்கினு, ஓடுடான்னு தள்ளி உட்டான். நான் ஓடிட்டேன். அவன் நின்னான்."

"தொரை..."

"தெனம் விசாரணைன்னு இட்டுக்கினு போறாங்க. திரும்பி வரப்போ நிக்க முடியல. இன்னும் வாயத் தொறக்கல அண்ணி அவன். அவனுக்கு யாரு இருக்கிறா? இருக்கிறது அவங்கம்மா மட்டும்தான். குடிசைக்கு எவன் ஜாமீன் குடுப்பான்? மொதல்ல அவன வெளிய எடு. வாய்தா அன்னிக்கு ஜட்ஜய்யா எதிர்ல நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். அதுவரிக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. அம்மாக்குத் தெரிஞ்சா தெருக்குழாய்க்குத் தெரியும். தெருக்குழாய்க்குத் தெரிஞ்சா ஸ்டேஷனுக்குத் தெரியும். அப்பறம் விசாரணைக்கு என்னத்தான் கூப்பிடுவாங்க. சத்தியம் பண்ணு அண்ணி!"

அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது அரை டிராயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பையன் அவன். தலைவாரி, சோறூட்டி, அம்மை கண்டபோது வேப்பிலை வீசி வளர்த்தவள் அவள்தான். அவன் கேட்டு அவள் எதை இல்லையென்று சொன்னாள்! சத்தியம் செய்து கொடுத்தாள்.

அதற்கான பலன்தான் இப்போது தாழ்வாரத்தில் புகைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை தேவசகாயம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அந்த வீட்டுத் தறியில் ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. துரைக்கண்ணு இடத்தில் ஆதிகேசவன் உட்கார்ந்தால், மறுகோடியிலிருந்து தான் கோர்வை தள்ளலாம், ஆவணி முகூர்த்தத்துக்குள் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்து வந்திருந்தான்.

"வந்துட்டியாப்பா! எம் புள்ளைய உள்ள தள்ளிட்டு வேலைக்கு வேற வந்துட்டியா?" தில்லையம்மாள் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "நீ போலீஸ்காரன் மண்டைய ஒடச்சதுக்கு எம் புள்ள எதுக்குடா ஜெயில்ல இருக்கணும்? போடா! உன் நெழலு இந்த வாசல்ல விழக்கூடாது!"

"அம்மா, நான்..." என்று தேவசகாயம் ஆரம்பித்தான். கதவோரம் நின்ற பெரியநாயகி, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவன் குனிந்த தலையோடு திரும்பி நொண்டிக்கொண்டே போனான்.

அந்தத் தலையசைப்பைத் தில்லையம்மாள் பார்த்துவிட்டாள்.

"கண்ஜாடை வேறயா? இப்பத்தான் புரியுது. பெத்திருந்தா தெரியும்டி உனக்கு! வயித்துல சுமந்திருந்தா ஊரான் புள்ளைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பியா?"

பெரியநாயகி வாசல் கதவைச் சாத்தினாள். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த ஆதிகேசவன், "அம்மா, போதும்" என்றான். அப்புறம் மனைவியைப் பார்த்து, "நீயாவது வாயத் தொறந்து ஒரு காரணம் சொல்லேன் நாயகி. நான் அம்மாவ சமாதானம் பண்றேன்" என்று கெஞ்சினான்.

"வாய்தா வரிக்கும் பொறுங்க."

"அப்ப வாய்தா வரிக்கும் எங்கிட்ட பேசாதே."

தில்லையம்மாள் முடிவாகவே சொல்லிவிட்டாள். "அன்னிக்கு என் புள்ள வூட்டுக்கு வரலன்னா, இவ வாலாஜாபாத் வூட்டுக்கே போவட்டும். வூடுதான் பெரிசுன்னா அதையே கட்டிக்கினு அழட்டும்."

துரைக்கண்ணுவுக்குச் சோறு கொண்டுபோகும் வேலையையும் அவளிடமிருந்து பிடுங்கித் தானே எடுத்துக்கொண்டாள். பெரியநாயகிக்கு மற்றதெல்லாம் கூடப் பொறுக்க முடிந்தது, இது பொறுக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வாய்தாவன்று துரைக்கண்ணு வீட்டுக்கு வரமாட்டான், இன்னும் உள்ளேதான் போவான் என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தானே தெரியும்! தன் துணிமணியை எடுத்து ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

வாய்தா நாள் வந்தது. கோர்ட் தாழ்வாரத்தில் நெசவாளர் கூட்டம். தேவசகாயம் தன் தாயோடு விடியும் முன்பே வந்து காத்திருந்தான். குற்றச்சாட்டைப் படித்தார்கள். "நீ என்ன சொல்கிறாய்?" என்று மாஜிஸ்ட்ரேட் தேவசகாயத்தைக் கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற துரைக்கண்ணு கையைத் தூக்கினான்.

"ஐயா, அந்த நாடா என்னுதுங்க. எங்க அப்பா சூடு போட்ட புள்ளி அதுல இருக்குது பாருங்க. வீசினதும் நான்தான். இவன் என்னக் காப்பாத்தத்தான் அத வாங்கி வெச்சிக்கினான்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் நாடாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், ஏதோ எழுதச் சொன்னார். துரைக்கண்ணுவின் வழக்கு பெரிதாயிற்று. அவனை மறுபடி உள்ளே கொண்டுபோக உத்தரவு போட்டார்.

தில்லையம்மாள் தாழ்வாரத் தூணில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பெரியநாயகி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு... உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அப்பவே தெரியுமா?"

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த தில்லையம்மாள் பாதியில் நிறுத்தினாள். எட்ட நின்ற தேவசகாயத்தைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன் தெரியுமாடி? வாயத் தொறக்காதடா, நீயே இருந்துடுடான்னு அந்தப் புள்ள கால்ல போய் விழுந்திருப்பேன். அவனும் சரின்னு சொல்லியிருப்பான். பாவி நான்... அதத்தான் பண்ணியிருப்பேன்!"

மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆதிகேசவன் வந்து நின்றான். "நாயகி, நான்..." என்று ஆரம்பித்தான். "அப்பறம் பேசிக்கலாங்க" என்றாள் அவள். அவளுக்கும் கண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது.

துரைக்கண்ணுவை வேனில் ஏற்றினார்கள். தில்லையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் குனிந்தான்.

"அம்மா, அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. அவங்கள ஒண்ணும் சொல்லிடாதம்மா!"

"சொல்லிட்டேன்டா..." தில்லையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிட்டேன்டா அவள!"

பின்னாலேயே வந்த பெரியநாயகி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் முந்தானையால் மாமியாரின் முகத்தைத் துடைத்தாள்.

"அது இருக்கட்டும் அத்தை. வண்டி கெளம்புது. நீங்க அழற மூஞ்சியப் பாத்துக்கினு போனா அவன் ராத்திரி தூங்கமாட்டான். நிமிந்து பாருங்க."

தில்லையம்மாள் மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.