வடிகட்டிய தண்ணீர்

ஆறு நாளாக அடுப்பு மேடையில் கிடந்த பால் திரியவில்லை.

கிளம்பும் அவசரத்தில் அதை ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டோமே என்று நீர்த்தேக்கத்தின் நடுவே படகில் உட்கார்ந்துகொண்டு அவள் நொந்துகொண்டிருந்தாள். காற்றோட்டமில்லாத வீடு, மண்டையைப் பிளக்கும் வெயில். நாற்றம் தெருமுனைக்கே வந்திருக்கும், அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு தன்னை மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பார் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தாள். நாற்றம் இல்லை. பாத்திரத்தை முகத்தருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தாள். மெல்லிய ஆடையோடு, காலையில் காய்ச்சிய பால் மாதிரி தளும்பியது.

கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். இங்கிருந்து முதுகும் நாற்காலியும்தான் தெரிந்தன. பக்கவாதம் வந்ததிலிருந்து கால் சில்லிடுகிறது என்று, இந்த வெயிலிலும் இடுப்புக்குக் கீழே போர்வை.

"அப்பா, வந்துட்டேன்."

பதில் இல்லை. அவருடைய பேச்சு நாலைந்து சொற்களாகச் சுருங்கி ஒரு வருஷமாகிறது. கோபம் வந்தால் அந்த நாலும் கிடையாது. அவள் வெளியூர் போய் வந்தால் ஒரு மணி நேரமாவது முகம் கொடுக்கமாட்டார். முறுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டாள். வாசலிலேயே எதிர்வீட்டு அக்கா நிம்மதியாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"தினம் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன்மா. பேப்பரை மடியில வெச்சுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தாரு. முகம் கொஞ்சம்கூட வாடல. சாப்பாட்டு டப்பாவை சமையலறை ஜன்னலுக்குள்ள தள்ளிட்டுப் போயிடுவேன். டப்பாவெல்லாம் மெதுவா குடு, ஒண்ணும் அவசரமில்ல."

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வடிகட்டி என்றுதான் பட்டப்பெயர். ஏரித் தண்ணீர், நீர்த்தேக்கத் தண்ணீர் எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள சவ்வில் வடிகட்டுவது அவள் வேலை. பாக்டீரியா சவ்வின் மேலேயே தங்கிவிடும். அதைவிடப் பொடியான வைரஸ்கள் கீழே இறங்கிவிடும். ஒரு கரண்டித் தண்ணீரில் கோடிக்கணக்கில், எத்தனையோ வகைகளாக, ஒரு ஊரே குடியிருக்கும். 'அதெல்லாம் பாக்டீரியாவைத்தான் தின்னும் அக்கா, நம்மைச் சீண்டாது' என்று எதிர்வீட்டில் எத்தனை முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஆனால் போன மாதம் எடுத்த தண்ணீர் வேறு மாதிரி. எந்த பாக்டீரியா வளர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டாலும், மறுநாள் தட்டு துடைத்த கண்ணாடியாகக் கிடந்தது. ஒரு வகையைக்கூட அது விட்டுவைக்கவில்லை. சொட்டே விடாமல் பக்கத்தில் திறந்து வைத்திருந்த தட்டுகளும் அப்படியே ஆகியிருந்தன. அதனால்தான் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு, செல்போன் சிக்னல்கூட எட்டாத அந்த நீர்த்தேக்கத்துக்கு மறுபடி ஓடினாள்.

ஜன்னலடியில் ஆறு டப்பாக்கள் இருந்தன.

முதல் டப்பாவைத் திறந்தாள். சோறும் காயும். இன்றைக்கு வந்தது, இன்னும் சாப்பிடவில்லை போலிருக்கிறது. இரண்டாவதில் சோறும் முட்டையும். தொடவில்லை. மூன்றாவதன் மூடி விரலுக்கு வசப்படாமல் வழுக்கியது. அதிலும் சோறு, பொலபொலவென்று. நாலு. ஐந்து. ஆறு. எது இன்றைய சோறு, எது ஆறு நாளைக்கு முந்தையது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டு காலி.

ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜ் பழுதானதால், வடிகட்டிய அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் வீட்டுக்கு எடுத்துவந்து அங்கேதான் வைத்திருந்தாள். சாதாரணக் குடிதண்ணீர் பாட்டில். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் செய்வதுபோல, குறியை மூடியின் மேல் மட்டும் எழுதியிருந்தாள். வேலை செய்கிறவர்களுக்கு மூடியைப் பார்த்தால் போதும். தாகத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் மூடியையா பார்ப்பார்?

பாட்டில் கூடத்தில் இருந்தது. நாற்காலியின் பக்கத்தில், தரையில். பாதி காலி.

"அப்பா."

கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சூடுதான், நல்ல சூடு. கழுத்தும் சூடு. கையும் சூடு. அப்பா பயமுறுத்திட்டியே என்று சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு, நாற்காலியின் கைப்பிடியில் தன் கை பட்டது.

அதுவும் அதே சூடு.

சுவரும். தரையும். மடியில் இருந்த பேப்பரும்.

நாடி இல்லை.

தெருமுனை டாக்டர் பத்து நிமிடத்தில் வந்தார். கழுத்தைத் தொட்டார், கையை மடக்கி நீட்டினார், மார்பில் காதுக்குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அவள் தோளில் கை வைத்தார்.

"போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காதும்மா. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். கஷ்டப்படாமத்தான் போயிருக்காரு."

அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவள் அதை நம்ப ஆசைப்பட்டாள். உயிரைக் கொடுத்தாவது நம்ப ஆசைப்பட்டாள். ஒரு மணி நேரம். அப்படியானால் இன்று காலைப் பேருந்தைத் தவறவிட்டதுதான் தன் குற்றம். அந்தப் பாட்டில் அல்ல. போன வாரம் விட்டுப்போனதும் அல்ல. அழுதுகொண்டே முழங்காலிட்டாள். அப்பாவின் பாதத்தைத் தொட வேண்டும்போல் இருந்தது.

போர்வையை விலக்கினாள்.

முகத்தில் இல்லாத ரத்தமெல்லாம் அங்கே வந்து நின்றிருந்தது. ஆறு நாளாக, கீழே, கீழே. முழங்காலுக்கு அடியில் கரி நிறம். உப்பிய பாதங்கள். செருப்பின் வார் சதைக்குள் புதைந்து, வெளியே தெரியவே இல்லை.

பேனா நின்ற சத்தம் கேட்டது. டாக்டர் ஓரடி பின்னால் போனார்.

"எப்பம்மா... கடைசியா எப்பப் பேசினீங்க?"

அவள் குனிந்தாள். அந்தக் கறுப்புப் பாதத்தருகே முகத்தைக் கொண்டுபோய், மூச்சை இழுத்து முகர்ந்தாள்.

ஒரு வாடையும் இல்லை. இன்னொரு முறை இழுத்தாள். ஒன்றுமே இல்லை.