பாதிச் சரிவில்

வெள்ளறடைக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டம் தாண்டிய புல்மலை உச்சிக்கு நண்பர்கள் மூன்று பேரும் ஏறி வந்தபோது மத்தியானமாகிவிட்டது. காலையிலேயே வந்திருக்க வேண்டியது. ஈசாக் காரைத் தாமதமாகக் கொண்டுவந்தான். அந்த எரிச்சலில் சிபின் வழி முழுக்க அவனோடு பேசவில்லை.

மழைக்காலத்தில் இந்தச் சரிவின் புல் எண்ணெய் போல வழுக்கும். பாக்கு மரத்திலிருந்து விழும் கமுகம்பாளையில் உட்கார்ந்து, முன்னால் நீளும் மட்டையைப் பிடித்துக்கொண்டால் அடிவாரத்து மரங்கள் வரை ஒரே வழுக்கு. படிக்கிற காலத்திலிருந்து ஆண்டுதோறும் வருகிறார்கள். மண் நன்றாக ஊறிய பிறகுதான் வருவது. இந்த முறை காத்திருக்க நேரமில்லை. லேகா நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறாள். துறைமுக வேலையில் சிபினுக்குக் கெஞ்சிக் கிடைத்த விடுப்பும் இன்று மட்டும்தான்.

சிபின் முதலில் இறங்கினான். பாளை சீறிப் பாய்ந்தது.

பாதிச் சரிவில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே எல்லாம் மூடுபனி.

மூச்சிரைக்க ஏறி வந்து மறுபடி இறங்கினான். அதே இடம்.

“சவத்து மழை! புல்லு நனையவே இல்ல,” என்று மேலே நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான்.

ஆனால் அங்கே புல் சொதசொதவென்று நனைந்துதான் கிடந்தது. எழுந்தபோது அவன் ஷூவே வழுக்கியது.

அவன் ஏறி வந்ததும் லேகா பாளையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அவளும் அங்கேயே நின்றாள். திரும்பி ஏறி வந்தவளின் முகத்தில் சிரிப்பில்லை.

“ஆரோ பொறத்தால இருந்து காலு ஊணுற மாதிரி இருக்கு சிபினே.”

“நீ பயந்து காலை ஊணிட்டு கதை சொல்லுத. தா இஞ்ச.”

அதற்குள் மூடுபனி இன்னும் மேலேறிப் பாதிச் சரிவையும் மறைத்தது. அதோடு, புதிதாய்க் கிளறிய மண்ணின் வாடை வந்தது.

“வெளையாடினது மதி, போவாம்,” என்றாள் லேகா.

“அடி வரைக்கும் ஒரு தடவையாவது போவாம நான் வரமாட்டேன். இதுக்காக்கும் லீவு எடுத்தது.”

சிபின் உட்கார்ந்து, இரு கைகளாலும் தரையை உந்தித் தள்ளினான். பாளை பனிக்குள் பாய்ந்தது.

மேலிருந்து ஈசாக்கின் குரல் கேட்டது. “எலே, ஆரை ஏத்திட்டுப் போற?”

கிண்டல் செய்கிறான் என்றுதான் சிபின் நினைத்தான்.

அப்போது அவன் முதுகு நனைந்தது. இடுப்பின் இருபுறமும் முழங்கால்கள் இறுகின.

பாளை நின்றது. அதே இடம்.

பயத்துக்கு முன் கோபம்தான் வந்தது. “விடுலே!” என்று திரும்பாமலே கத்தி, மறுபடி உந்தினான். பாளை ஒரு சாண் நகர்ந்தது.

இரண்டு வெறுங்கால்கள் அவனைத் தாண்டி நீண்டன. விரலிடுக்கெல்லாம் சேறு. நகங்கள் வெளுத்திருந்தன. குதிகால்கள் புல்லில் அழுந்தப் புதைந்தன.

காதோரம் ஒரு முணுமுணுப்பு.

“கீழ மண்ணில்ல மக்கா.”

காற்று பனியை விலக்கியது. சிபினின் ஷூ நுனிக்கு அப்பால் புல் முடிந்திருந்தது. யாரோ மண்ணெடுக்க மலையைச் செங்குத்தாக அறுத்திருந்தார்கள். வெகு ஆழத்தில் மண் வாரும் இயந்திரத்தின் மஞ்சள் கை தெரிந்தது. மரங்கள் இல்லை.

அவன் பக்கவாட்டில் சரிந்து, புல்லைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்து ஏறினான். லேகா கை கொடுத்து உச்சிக்கு இழுத்தாள். ஈசாக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆருலே அது?” என்று சிபின் அவனிடம் கேட்டான்.

“மொகம் தெரியல்ல. உன் தோளில சாச்சு வச்சிருந்து.”

சிபின் தோளைத் தொடவில்லை. பையை எடுக்கக் குனிந்த லேகா அப்படியே நின்றாள்.

கீழே, விளிம்பில் விட்டுவந்த பாளை அசைந்தது. காற்று நின்றுவிட்டிருந்தது. மட்டை மெல்ல உயர்ந்து உச்சிப் பக்கம் திரும்பியது. புல்லை உரசியபடி, சரசரவென்று, பாளை சரிவில் மேலே ஏறத் தொடங்கியது.

யாரும் ஓடவில்லை.

ஈசாக் ஒருவன்தான் இன்னும் இறங்கவில்லை. பாளை அவன் காலடிக்கு வந்து, சரிவைப் பார்த்துத் திரும்பி நின்றது.