சிலையின் காலடி மண்

கேற் தூணில் யாரோ கோடு போட்டிருந்தார்கள். மேலே ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. இரண்டும் சேர்ந்து உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ட்ராமை விட்டிறங்கி இரண்டு கையிலும் மரக்கறிப் பைகளோடு வந்த கத்தரின் முதலில் கவுன்சிலைத்தான் திட்டினாள். கேட்காமல் கொள்ளாமல் ஊரான் வீட்டு மதிலில் அடையாளம் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்தானே. பிறகு விரலால் தொட்டுப் பார்த்தாள். வெள்ளை, காய்ந்த களிமண்ணாக உதிர்ந்தது. சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது.

அந்த அடையாளம் அவளுக்குத் தெரிந்ததுதான்.

செப்டெம்பரில் கோயில் ஆட்கள் பஸ் பிடித்து லூர்துக்குப் போனார்கள். திரும்பும் வழியில் பிரான்சின் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சில நாட்கள் நடப்பதாக ஏற்பாடு. கத்தரினின் கணவன் ஜெராட்டுக்குச் சீனி வருத்தம்; நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்ததால், முழங்கால் நோகுது நோகுது என்று முனகிக்கொண்டே அவனும் வந்தான். ஓக் மரக் காடு, பாசி பிடித்த கல் மதில்கள், கீழே சத்தமே இல்லாமல் ஓடும் பச்சை ஆறு. நடக்கிறவர்கள் வழி தவறாமலிருக்க மரத்துக்கு மரம் அந்த வெள்ளையும் சிவப்பும் பூசியிருந்தது. அங்கே அது வெறும் பெயின்ட்.

அவர்களோடு வந்த மரியநாயகி அக்காதான் பாதையை விட்டு விலகிப்போய் ஆற்றங்கரையில் அந்தக் கற்சிலையைக் கண்டுபிடித்தார். முகம் முழுக்கத் தேய்ந்துபோன ஒரு பெண் சிலை. "மாதா" என்று அக்கா முழந்தாளிட்டுவிட்டார். மன்னார்க்காரருக்கு மாதாவைக் கண்டால் கை சும்மா இருக்காது. மடுக் கோயிலில் செய்வதுபோலக் காலடி மண்ணை அள்ளியே ஆகவேண்டும். வீட்டுக்குக் காவல், வருத்தத்துக்கு மருந்து. அந்த மண்ணில் துருப்பிடித்த நீளமான ஆணிகள் நெருக்கமாக அறையப்பட்டிருந்தன. யார், எதற்காக அறைந்தார்கள் என்று அக்காவோ அவரோடு போன கத்தரினோ யோசிக்கவில்லை. பிடுங்கிப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டு மண்ணை அள்ளினார்கள். கத்தரின் அங்கேயே ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து விழுங்கினாள். கல்லைத் தொட்ட தண்ணீரைப்போலக் குளிர்ந்தது.

பாதி மண் நகரின் மறுபக்கம் கிங்ஸ்பரியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனது. மறுபாதியில் கொஞ்சத்தைக் கத்தரின் தன் வீட்டின் நாலு மூலையிலும் வைத்தாள். மிச்சத்தை ஜெராட் காலையில் தண்ணீரில் கரைத்துக் குடித்து, முழங்கால் நோ பறந்துவிட்டது என்று வேலையிடத்தில் வெள்ளைக்காரருக்கும் சொல்லித் திரிந்தான்.

கதவைத் திறந்ததும் மணம் முகத்தில் அடித்தது. காலையில் தாளித்த வெங்காய மணமும் ஹீற்றரில் காயும் சட்டைகளின் சவர்க்கார மணமும் இருக்கவேண்டிய நடையில், அழுகிய இலையும் ஈரக் கல்லும் எப்போதோ செத்துப்போன மீனும் கலந்த ஆற்று மணம் கனத்துக் கிடந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர். லைற்றைப் போட்டாள். காப்பெற் சதசதவென்று ஈரமாக இருந்தது. எங்கோ பைப் உடைந்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டாள்.

போன் அடித்தது. மரியநாயகி அக்கா.

"கத்தரின், அந்த மண்ணை நீ குடிச்சனியோ?"

"இல்லை அக்கா, அவர்தான் குடிக்கிறவர். ஏன்?"

 மறுமுனையில் யாரோ ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொலிஸ் போலிருந்தது.

"மத்தியானம் வந்தது. முதல்ல கேற்றில கோடு. பிறகு மண் வைச்ச மூலையெல்லாம் கோடு போட்டு, மண்ணை வழிச்சு எடுத்தது. பிறகு தேவராசாவைப் பிடிச்சது." அக்காவின் குரல் உடைந்தது. "என்ர மனிசன்ர வயித்தில கோடு போட்டதடி. போட்டுட்டு, கையை உள்ள விட்டு அள்ளினது. நான் குடிக்கேல்லை. என்னை அது திரும்பியும் பாக்கேல்லை."

கத்தரின் காப்பெற்றின் ஈரத்தைப் பார்த்தாள்.

"வீட்டில நிக்காதை. ஜெராட்டையும் வரவிடாதை."

போனைப் பிடித்தபடியே முன்னறை மூலைக்குப் போனாள். சுவரில் வெள்ளையும் சிவப்பும். கீழே மண் இல்லை. நிலம் ஈரமாக வழித்துத் துடைக்கப்பட்டிருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னாலும் அப்படித்தான். படிக்கட்டுக்குக் கீழேயும் அப்படித்தான். படுக்கையறை மூலை மேலே இருந்தது. அங்கே அவள் போகவில்லை. படியிலும் தண்ணீர் மின்னியது.

மேலே வைத்த மண்ணையும் எடுத்திருக்கும். பிறகு அது போயிருக்கவேண்டும்.

மேலே பலகை கிறீச்சிட்டது. ஒரு காலடி. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

போகவில்லை. ஜெராட்டுக்காகத்தான் காத்திருக்கிறது.

ஜெராட்டின் நம்பரை அழுத்தினாள். இரண்டு தரம் நம்பர் தவறியது. மணி அவள் காதில் அடித்தது. வாசலுக்கு வெளியேயும் அடித்தது.

"வராதேங்கோ!" என்று கத்திக்கொண்டு கதவுக்கு ஓடினாள். பூட்டில் திறப்பு ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, கதவை மறிச்சுக்கொண்டு? தள்ளும், வெளியில குளிர் கொல்லுது."

"உள்ள வராதேங்கோ, ஓடுங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்..."

"விசரே உமக்கு?" சிரித்தான். அவளைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு நடைக்குள் வந்தான். மூக்கைச் சுளித்தான். "என்ன மணம் இது?"

லைற் அணைந்தது.

படிகளில் அது இறங்கியது. வேகமாக. நாலு காலில்.

தெரு வெளிச்சத்தில் அது எழும்பி நின்றபோது தலை கூரையில் இடித்து வளைந்தது. முகம் இருக்கவேண்டிய இடம் தேய்ந்த கல். உடம்பெங்கும் ஓட்டைகள், ஆணி அகலத்தில். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. ஜெராட்டின் தாடையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தது. மறுபடி அடித்தது. சுவரில் இருந்த திருக்குடும்பப் படம் விழுந்து நொறுங்கியது. ஜெராட்டின் பற்களும் விழுந்தன.

"கத்... கத்தரின்..."

வெளியே ஓட வழி இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. இருபத்தைந்து வருட மனுசனை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? இரும்பு, என்று மட்டும் அவள் மூளை சொன்னது. அந்த ஆணிகள். குசினிக்குள் பாய்ந்து பொரிக்கிற இரும்புத் தாச்சியைத் தூக்கிவந்து அதன் முதுகில் ஓங்கி அடித்தாள். இரும்பு பட்ட இடத்தில் சதை தீய்ந்தது. அது அலறவில்லை. ஜெராட்டைக் கீழே போட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வென்றுவிட்டாள் என்றே நினைத்தாள்.

அது அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முறித்தது. தாச்சி உருண்டோடியது.

அவள் விழுந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. கண்ணை மூடவும் முடியவில்லை.

அது ஜெராட்டின் சட்டையை விலக்கியது. வயிற்றில் விரலால் ஒரு வெள்ளைக் கோடு. விரலில் காய்ந்திருந்த சிவப்பைத் தன் ஓட்டையில் வடிந்த தண்ணீரில் நனைத்து ஈரமாக்கி, கீழே இன்னொரு கோடு. தேவராசா அண்ணையின் சிவப்பு. பிறகு கையை உள்ளே விட்டது. ஜெராட்டின் குதிகால்கள் காப்பெற்றில் அடித்தன. அடித்தன. நின்றன.

அது அவசரப்படவில்லை. அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கியது. ஒவ்வொரு மணலாக. எடுத்ததைத் தன் மார்பில் இருந்த ஓர் ஓட்டைக்குள் வைத்து அழுத்தியது. ஓட்டைகள் ஒன்றொன்றாக அடைந்தன. தண்ணீர் வடிவது குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரே ஓர் ஓட்டை மிஞ்சியது. சின்னது.

தேய்ந்த கல் அவள் பக்கம் திரும்பியது.

கத்தரினின் நாக்கில் குளிர்ந்தது. கல்லைத் தொட்ட தண்ணீர்.

"ஒரு சிட்டிகைதான்," என்றாள். "மாதாவே, ஒரு சிட்டிகைதான்..."

ஈர விரல் அவள் சேலையை விலக்கி, வயிற்றில் நிதானமாக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தது. பிறகு, சிவப்பு எடுக்க ஜெராட்டின் பக்கம் குனிந்தது.