ஊக்குக் குத்திய செருப்பு

அந்தச் செருப்பு இன்றைக்கும் வாசலிலேயே கிடந்தது. நீல ரப்பர் செருப்பு. இடது வார் பிய்ந்து, அடியில் ஊக்குக் குத்தியிருந்தது. செங்கம் ரோட்டுத் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பதால், பிரவுசிங் சென்டருக்கு வருகிற எல்லோரும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வருவார்கள். போகும்போது மாட்டிக்கொண்டு போவார்கள். பெருக்கிக்கொண்டிருந்த கவிநிலா துடைப்பத்தை நிறுத்தினாள். மஸ்கட்டில் இருக்கும் புருஷனின் மெயிலைப் பார்க்க மூன்றாம் கேபினுக்கு வருகிற தனம் அக்காவின் செருப்பு அது.

"அண்ணா, தனக்கா செருப்பு இன்னும் இங்கியே இருக்குது."

"இன்னாது? வாயத் தொறந்து பேசும்மா. மெயில் அனுப்புற மாதிரி சத்தமே இல்லாம பேசுற."

அவள் மறுபடி சொன்னாள். கடைக்காரர் முருகவேல் சிரித்தார். "பிஞ்ச செருப்புதான? வுட்டுட்டு வேற யார்துனா மாட்டினு போயிருக்கும். அது எழுந்து போனதையே நான் பாக்கல."

கவிநிலாவும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யாருமே இல்லை.

"அது உக்காந்துட்டுப் போனதுலருந்து மூணாம் நம்பர் ஹேங் ஆவுது. இன்னிக்குப் பௌர்ணமி, கும்பல் ஜாஸ்தி. நான் சாப்ட்டு வர்றதுக்குள்ள சரி பண்ணி வெய்யி. எப்டினு தெரியும் இல்ல?"

தெரியும். அவர் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அதுதான். முன்னால் உட்கார்ந்தவர் என்னென்ன செய்தாரோ அதையே வரிசையாகச் செய்து பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அவள் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்திவிட்ட அப்பா, இந்த வேலையும் சரிப்படாவிட்டால் ஐப்பசியில் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். இதுவரை வேலை சரிப்பட்டுத்தான் இருந்தது.

மூன்றாம் கேபின் கடையின் கோடியில் இருந்தது. மூன்று பக்கமும் பிளைவுட், நான்காவது பக்கம் தள்ளினால் திறக்கும் கதவு. தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே தாழ் போடக் கூடாதென்று போலீஸ்காரர்கள் கழற்ற வைத்திருந்தார்கள். உள்ளே ஈரத்துணி வாடையும், சூடான மானிட்டரின் தூசி கருகும் வாடையும், அவற்றுக்கு அடியில் தனம் அக்கா தலையில் வைக்கும் கனகாம்பரம் வாடிய மணமும் இருந்தன. இன்டர்நெட்டைப் போட்டாள். போன் லைன் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. வெளியே கிரிவலம் போகிறவர்களின் வெறுங்கால் ஓசை, மழை தூரத்தில் பெய்வதுபோல விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மெயில் புரோகிராமைத் திறந்தாள். தனத்தின் பெயரில் கடைசியாக வந்த ஒரே ஒரு மெயில். அனுப்பியவர் பெயர் இல்லை. எழுத்து எதுவும் இல்லை, ஒரு படம் மட்டும். அதை அழுத்தியதும் பிரவுசர் திறந்து, படம் மேலிருந்து கீழாக, மெல்லிய கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. பிளைவுட். ஒரு மின்விசிறியின் விளிம்பு. கதவின் மேல்சட்டம், அதில் தொங்கும் நாள்காட்டியின் ஆணி.

இந்தக் கேபின்தான். மானிட்டர் இருக்கும் இடத்திலிருந்து எடுத்த படம்.

அவள் உச்சந்தலை சில்லிட்டது. தலையைத் தடவிக்கொண்டு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள். அது ஓடவில்லை. அந்த நொடியில் திரை உறைந்தது. சட்டவிரோதமான செயல் நடந்துவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து பிரவுசரை மூடியது. அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் ஒருநாள் கடைக்கு வந்திருந்த அடி அண்ணாமலை ஊர்க்காரன் வேடியப்பன், "நான் ஒண்ணும் பண்லமா, போலீஸ் வருமா?" என்று ஓடினான். நினைத்ததும் சிரிப்பு வந்தது. தலையும் பழையபடி ஆனது.

இரண்டாம் முறையும் அதே இடத்தில் சில்லிட்டது, அதே இடத்தில் நின்றது. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று சேர்ந்திருந்த பழைய கோப்புகளை அழித்தாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களையெல்லாம் மூடினாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள்.

இந்த முறை படம் நிற்கவில்லை.

ஆணிக்குக் கீழே நாள்காட்டி வந்தது. இன்றைய தேதி. கோடு இறங்க இறங்கச் சில்லிப்பும் நெற்றிக்கு இறங்கியது. படத்தில் நாற்காலியின் முதுகு தெரிய ஆரம்பித்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

வெளியே யாரோ உரக்க, "அண்ணாமலையானுக்கு அரோக..."

சத்தம் அறுந்தது. கால்களின் ஓசை இல்லை. கம்ப்யூட்டரின் இரைச்சல் இல்லை. காதுகள் இருந்த இடத்தில் குளிர்.

கோடு கண்ணுக்கு வந்தது.

இருட்டவில்லை. வேறு பக்கத்திலிருந்து தெரிந்தது. எதிரே கேபின். கதவு. நாற்காலி. நாற்காலியில் அவளுடைய பச்சைச் சுடிதார். மவுஸ் மேல் அவளுடைய கை. கழுத்து. கழுத்துக்கு மேல் தாடையும் வாயும். அதற்கு மேல் நாள்காட்டி.

வாய் இன்னும் அங்கே இருக்கிறது. கத்தலாம். ரோடு முழுக்க ஆட்கள். வாழ்க்கையில் ஒரு தடவை சத்தமாக.

அந்த வாய் திறந்தது. அகலமாகத் திறந்தது.

கோடு அதன்மேல் இறங்கியது.

பிறகு தோள். பிறகு கை. மவுஸ் தனியாகக் கிடந்தது. வெறும் பாதங்கள் தரையில் கொஞ்ச நேரம் தவித்தன. பிறகு அவையும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு முருகவேல் வந்தார். அவர் உதடு அசைந்தது. கவி என்றுதான் இருக்க வேண்டும். காலி நாற்காலியைப் பார்த்தார். திரும்பி வாசல் பக்கம், செருப்புகள் கிடக்கும் இடத்தைப் பார்த்தார். முகம் சுளித்தபடி உட்கார்ந்து, மவுஸைப் பிடித்தார். அவர் முகம் வெளிச்சத்தில் நீலமாக, மிகப் பெரியதாக, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வேண்டாண்ணா. அத பண்ணாதீங்க. அது இப்ப நிக்காது. நான் சரி பண்ணிட்டேன்.

கண்ணாடியில் கையால் அறைந்தாள். சத்தமில்லை. பக்கத்து இருட்டில் இன்னொரு ஜோடிக் கைகளும் அறைந்துகொண்டிருந்தன. வளையல்கள் சரிந்து சரிந்து ஏறின, ஒலியே இல்லாமல். வாடிய கனகாம்பரத்தின் மணம் மட்டும் வந்தது.

முருகவேல் மெயிலைத் திறந்தார். படத்தை அழுத்தினார். எங்கே நிற்கிறது என்று பார்க்க, திரைக்கு அருகில் குனிந்தார்.

பிறகு உச்சந்தலையைத் தடவிக்கொண்டு, ஓடாத மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.