திரும்பி வராத நாற்பது கோடி

தலைமை எழுத்தர் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். ஒரு கையில் மூக்குக்கண்ணாடி. மறு கை சுவரோரம் பின்னிக் கிடந்த கேபிள்களைத் துழாவியது. நீலமா, மஞ்சளா என்று யோசிக்க நேரமில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடுங்கினார். பணப்பரிமாற்ற அறையின் மூன்று திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

மணி பன்னிரண்டு இருபத்தொன்று. கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் முன்புதான் அந்தச் செய்தி வந்திருந்தது. துறைமுக வங்கியை மத்திய வங்கி மூடிவிட்டது. உள்ளே இருக்கும் பணம் மறு அறிவிப்பு வரை உள்ளேதான்.

மேலாளர் ஓடிவந்தார். ஏதோ கருகுகிற வாசனை வந்தது, அதனால் பிடுங்கினேன் என்றார் தலைமை எழுத்தர், முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே. அந்த வாசனை வேறு யார் மூக்குக்கும் எட்டவில்லை.

கேபிள்களை மறுபடி மாட்டித் திரைகள் உயிர்பெற்றபோதுதான் மேலாளர் அந்த வரியைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நாற்பது கோடி வெளியே போயிருந்தது. போன இடம், துறைமுக வங்கி.

மற்ற நாளாக இருந்தால் அவர் ஒரு திட்டு திட்டிவிட்டுத் திருத்தச் சொல்லியிருப்பார். நேற்றுவரை எந்த வங்கி எந்த வங்கிக்குப் பணம் அனுப்பினாலும் உத்தரவு மாலை நாலு மணிவரை வரிசையில் காத்திருக்கும். நாலு மணிக்கு மத்திய வங்கி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத் தீர்க்கும். அதற்குள் எதையும் அழிக்கலாம், மாற்றலாம். இன்று காலை ஒன்பது மணியோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. நாடு முழுவதும் புது முறை. பொத்தானை அழுத்திய நொடியே பணம் கைமாறும். அனுப்பியவர் கெஞ்சினாலும் திரும்பாது. வாங்கிய வங்கி மனசு வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு.

இரண்டு மணிக்கு மத்திய வங்கியின் பணத்தீர்வுப் பிரிவிலிருந்து கண்காணிப்பாளர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. யார் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, அப்புறமும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். கூடவே அவருடைய கார் ஓட்டுநர். பட்டப்பெயர் வேகம். இருபது வருடத்தில் முப்பது கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டியதில்லை என்பதால் வந்த பெயர். காரில் விட்ட வேகத்தையெல்லாம் துப்புத் துலக்குவதில் பிடித்துவிடுவார்.

மேலாளர் விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினார். உத்தரவைத் தட்டச்சு செய்தது ஓர் இளம் பெண் எழுத்தரின் பெயரில். ஒப்புதல் கொடுத்தது தலைமை எழுத்தரின் அட்டை. அந்தப் பெண் தலைமை எழுத்தருக்கு மருமகள். அவள் கணவன் வேலை பார்ப்பது துறைமுக வங்கியில்.

"மூழ்கப்போற பேங்கைக் காப்பாத்தப் பொண்டாட்டி இங்கேயிருந்து பணத்தைத் தள்ளியிருக்கா. பெரியவர் மருமகளை நம்பிப் பார்க்காமலே ஒப்புதல் கொடுத்துட்டார். நாலு மணிக்கு நான் அறிக்கை அனுப்பணும். அதுக்குள்ள பணம் திரும்பி வந்தா இதைத் தவறுன்னு எழுதுவேன். வரலேன்னா திருட்டுன்னு எழுதணும் மேடம். போலீஸ் கையில ஒரு பேர் கொடுத்தே ஆகணும்."

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்பாளர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பதில். தனக்குத் தெரியாது. ஆனால் பேச்சுக்கு நடுவே அவள் கண் அடிக்கடி திரைக்குப் போனது. பணம் உள்ளே வந்தால் பச்சையாக ஒரு வரி விழும் இடம் அது.

கண்காணிப்பாளர் அந்த உத்தரவை அச்செடுத்து வாங்கினார். தொகை நாற்பது கோடி, சில்லறை இல்லாமல், மழித்தது போல. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. பிறகு புது முறைக்கான பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டார். ஐந்து நாளும் மருமகளின் கையெழுத்து இருந்தது. தலைமை எழுத்தர் முதல் நாள் காலையில் மட்டும் போட்டிருந்தார். முப்பத்தொரு வருட அனுபவஸ்தருக்கு என்ன சொல்லித் தருவது என்று தாமே விட்டுவிட்டதாக மேலாளர் வழிந்தார்.

வேகம் அதற்குள் வாசல் காவலரோடு ஒட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். கண்காணிப்பாளரைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"மேடம், இந்த ரூமுக்குள்ள செல்போன் கொண்டுவரக் கூடாது. வாசல்ல பெட்டியில வெச்சுட்டு, வேணும்னா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும். அந்தப் பொண்ணு பதினொன்னு நாப்பத்தாறுக்குப் போனை வாங்கியிருக்கு. குழந்தைக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேருந்து கூப்பிட்டாங்களாம். திரும்ப வெச்சது பன்னிரண்டு அஞ்சு. ஐம்பத்திரண்டுக்கு அது மாடிப்படியில நின்னு அழுதுக்கிட்டிருந்ததைக் காவலரே பார்த்திருக்கார்."

"நல்ல வேலை பண்ணினே."

"அப்போ தட்டினது மாமனார்தான். மகன் அங்கே, அப்பா இங்கே. மருமகள் தலையில பழி. குடும்பமா இது?"

"ஒரு மணி நேரம் முன்னாடி புருஷனும் பொண்டாட்டியும்னு சொன்னே."

"அது பழைய தியரி மேடம்."

கண்காணிப்பாளர் வாசலில் இருந்த செல்போன் பதிவேட்டைத் தாமே போய்ப் பார்த்தார். அடுத்த வரியிலும் அதே பெண்ணின் கையெழுத்து இருந்தது. பன்னிரண்டு ஆறுக்கு வாங்கி, பன்னிரண்டு பத்துக்கு வைத்திருந்தாள். அதை விரலால் ஒரு முறை தடவினார்.

மூன்று இருபதுக்கு எல்லோரையும் அறையில் உட்காரச் சொன்னார். தட்டச்சு செய்தபோது மருமகள் இடத்தில் இல்லை என்பதைப் பதிவேட்டைக் காட்டிச் சொன்னார். மேலாளரின் பார்வை மெல்ல மாமனார் பக்கம் திரும்பியது. தலைமை எழுத்தர் தன் மேசைக் கடிகாரத்தை ஒரு காகிதத்தால் மூடினார்.

"திருட நினைக்கிறவன் தொகையை நம்புற மாதிரி எழுதுவான்" என்றார் கண்காணிப்பாளர். "முப்பத்தொன்பது கோடியே சொச்சம்னு போடுவான். காரணமும் அழகா எழுதுவான். இங்கே முழு நாற்பது, காரணத்துக்கு ஒரு புள்ளி. இதை எழுதினவர் திரும்ப வந்து மாத்தி எழுதலாம்னு நினைச்சு எழுதியிருக்கார்."

"மாத்தவே முடியாதே மேடம்" என்றார் மேலாளர்.

"அது உங்களுக்குத் தெரியும். இப்போ கேபிளைப் பாருங்க. பணம் போனது ஐம்பத்திரண்டுக்கு. கேபிளைப் பிடுங்கினது பன்னிரண்டு இருபத்தொன்னுக்கு. டிவியில துறைமுக வங்கி பேர் வந்த அடுத்த நிமிஷம். பணத்தை அனுப்பின திருடனுக்கு அது எப்பவோ போயிடுச்சுன்னு தெரியும். அவன் எதுக்குக் கேபிளைப் பிடுங்கணும்? உத்தரவு இன்னும் வரிசையில நிக்குது, நிறுத்திடலாம்னு நம்புறவர்தான் பிடுங்குவார்."

அப்போது காகிதத்துக்கடியில் கடிகாரம் அலறியது. மூன்றரை மணி. தலைமை எழுத்தரின் கை பழக்கத்தில் அதன் தலையைத் தட்டி அடக்கியது. அப்புறம் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

"புது முறையில மூன்றரைக்கு ஒரு வேலையும் கிடையாது" என்றார் கண்காணிப்பாளர். "பழைய முறையில உண்டு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

தலைமை எழுத்தர் தலை குனிந்தார். கண்காணிப்பாளரே சொன்னார். பழைய முறையில் முதலில் வந்த வங்கியின் கணக்கைத்தான் முதலில் தீர்ப்பார்கள். கடைசியில் நிற்கிறவன் ராத்திரிவரை காய வேண்டும். அதனால் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, எல்லா வங்கி எழுத்தர்களும் காலையிலேயே வழக்கமாகப் பெரிய வரவு செலவு இருக்கும் வங்கியின் பெயரில் குத்துமதிப்பாக ஒரு தொகையைப் போட்டு வைப்பார்கள். மூன்றரைக்கு அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் உண்மைத் தொகையைப் போடுவார்கள். விதியில் இல்லாத வழக்கம். தெரியாதவர்கள் யாருமில்லை.

"பேங்க்ல எழுத்தரா இருந்தப்போ நானும் போட்டிருக்கேன்" என்றார். "அப்போ பஸ் நாலு மணிவரை நின்னுச்சு. இன்னிக்குத் துண்டு விழுந்த நொடியே கிளம்பிடுச்சு."

தலைமை எழுத்தர் பேசினார். குரல் மருமகளை நோக்கி இருந்தது.

"நீ போன் பேசப் போயிருந்தேம்மா. எல்லா பேங்கும் முந்திடுவாங்களேன்னு பதறிட்டேன். என் அட்டையில தட்டச்சு பண்ண முடியலை. உன் கணக்குத் திறந்தே இருந்துச்சு. கேபிளைப் பிடுங்கினா நின்னுடும்னு நினைச்சேன்." கடிகாரத்தைத் தள்ளி வைத்தார். "அப்புறம் உன் பேரைச் சொன்னாங்க. இன்னும் ரெண்டு மாசத்துல ஓய்வு. வாய் வரலை."

"விடுங்க மாமா" என்றாள் அவள். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்ததா என்று வேகத்தால்கூடச் சொல்ல முடியவில்லை.

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திருட்டில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்து என்ன செய்ய? நாற்பது கோடி இல்லை. நாளைக் காலையில் கதவைத் திறந்தால் கொடுக்கப் பணம் போதாது. கணக்கைத் திறந்து போட்டுவிட்டுப் போனதற்கு மருமகளையும், அதில் தட்டியதற்கு மாமனாரையும் எழுதியே ஆக வேண்டும். ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தலைமை எழுத்தர் எழுந்து, மருமகள் பெயரை விட்டுவிடும்படியும் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே எழுதிக்கொள்ளும்படியும் கேட்டார். அப்படி எழுத விதி இடம் கொடுக்காது என்றார் மேலாளர். அதைச் சொல்லும்போது அவரால் தலைமை எழுத்தரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேடம், ஒண்ணு கேட்கணும்" என்றாள் அந்தப் பெண். இப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளும்மா. அதுக்கு முன்னாடி சொல்லு, பன்னிரண்டு ஆறுக்கு யாருக்குப் போன் பண்ணினே?"

"என் வீட்டுக்காரருக்கு. திரும்பி வந்து சீட்டுல உட்கார்ந்ததும் அந்த வரியைப் பார்த்துட்டேன். மாமாவோட துண்டுன்னு புரிஞ்சுபோச்சு. உடனே அவர்கிட்டச் சொன்னேன். அவர் போனை வைக்காமலே திருப்பி அனுப்பற உத்தரவைத் தட்டினார். மேலதிகாரியும் ஒப்புதல் கொடுத்துட்டார். 'அனுப்பியாச்சு, பயப்படாதே'ன்னார். அது பன்னிரண்டு எட்டு. அவங்க பேங்கை மூடினது பன்னிரண்டு இருபதுக்குத்தானே? அதனாலதான் நான் வாயைத் திறக்கலை. பணம் வந்துட்டா மாமா பேர் வெளியே வராதுன்னு காத்துக்கிட்டிருந்தேன்." அவள் முதல்முறையாகக் கண்காணிப்பாளரின் முகத்தைப் பார்த்தாள். "புது முறையில நொடியில வந்துடணும் இல்லையா? இன்னும் ஏன் வரலை?"

வேகம் கண்காணிப்பாளரைப் பார்த்தார். இருபது வருடத்தில் அந்த முகம் இப்படி வெளுத்து அவர் பார்த்ததில்லை.

"பன்னிரண்டு இருபதுங்கிறது வெளியில சொன்ன நேரம்மா" என்றார் கண்காணிப்பாளர். "மூடப்போறது முன்கூட்டியே தெரிஞ்சா எல்லாரும் பணத்தை உருவிடுவாங்க. அதனால அந்த பேங்க்லேருந்து பணம் வெளியே போற வழியைப் பதினொன்றரைக்கே அடைச்சாச்சு. அவங்க ஊழியர்களுக்குக்கூடச் சொல்லலை. உன் வீட்டுக்காரர் அனுப்பினது நிஜம். அது எங்க வாசல்ல முட்டிக்கிட்டு நிக்குது."

"அப்போ எங்க பணம் உள்ளே போகும்போதும் அடைச்சிருக்கணுமே" என்றாள் அவள்.

"உள்ளே வர்ற வழியையும் அடைச்சா ஊருக்குச் சந்தேகம் வந்துடும்னு பேசி, அதை மட்டும் திறந்து விட்டோம். புது முறையில முதல் நாள், எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு நினைச்சோம். அப்படி ஒரு வழியை அடைச்சு ஒரு வழியைத் திறந்து விடற உத்தரவுல ரெண்டு கையெழுத்து வேணும்மா. ரெண்டாவது கையெழுத்து என்னோடது."