போருக்கு முந்தைய இன்ஜின்

கரண்ட் கட் என்றுதான் சம்சுதீன் முதலில் நினைத்தார். அண்ணாந்து பார்த்தபோது கூடத்தில் டியூப்லைட்டே இல்லை. அதை மாட்டிய பட்டி இல்லை, ஒயர் இல்லை, ஆணி அடித்த ஓட்டைகூட இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவரும் நிலக்கரிப் புகை வாடையும்தான் இருந்தன. பழனிசெட்டிபட்டியில் லாரிப் புகைக்குப் பஞ்சமில்லை, ஆனால் இது லாரிப் புகை இல்லை.

திருட்டுப்பயல் வேலை என்று திட்டிக்கொண்டே மேசைக்குப் போனார். அங்கே அவருடைய குட்டி நீராவி இன்ஜின் நின்றது. கடையில் வாங்கியபோது எழுபதுகளின் மாடல். இரண்டாம் உலகப் போருக்காகத் தண்டவாளத்தைப் பெயர்க்கும் முன் போடிக்கு ஓடிய இன்ஜினாக அதை மாற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துக்குப் பின்னால் வந்த எதுவும் அதில் ஒட்டியிருக்கக் கூடாது. இதில் யார் பேச்சும் அவரிடம் எடுபடாது. நேற்று ராத்திரி அதன் மின்விளக்கை பிளேடால் நறுக்கி எடுத்திருந்தார்.

உட்கார்ந்த சூட்டில் இரண்டு வேலை முடிந்தது. கடைசியாக, பிற்காலத்தில் சேர்த்த தண்ணீர்க் குழாயை அரத்தால் ராவி எடுத்தார்.

"ஏங்க, குழாய எங்கன கழட்டி வச்சீக? சுவரு மொட்டையா நிக்கிது!" அடுப்படியிலிருந்து மனைவி ரம்லத் கத்தினாள். "அந்த எழவு இன்ஜினுக்குத்தான கொண்டு போனீக?"

அரம் கையிலிருந்து நழுவியது. விளக்கு. இப்போது குழாய். 

பசையைத் தடவிக் குழாயை ஒட்டினார். விழுந்தது. விளக்கை ஒட்டினார். விழுந்தது. இன்ஜின் சுட்டது. நெருப்பே இல்லாத அதன் வயிற்றுக்குள் ஏதோ மூச்சுவிட்டது.

குழாய்க்கு முன்னால் எடுத்தது?

டிரைவர் பொம்மைக்குப் பக்கத்தில் களிமண்ணால் ஒரு சின்ன உருவம் இருந்தது. பத்து வருஷம் காத்திருந்து பிறந்த ஒரே மகள் சாதியா வைத்தது. "அத்தா, இது நான்" என்று சிரித்தாளே. அந்தக் கால இன்ஜினில் பிள்ளை ஏது என்று எரிச்சலோடு சுரண்டி எறிந்திருந்தார்.

"சாதியா!"

கட்டில். கொல்லை. ஸ்கூல் பை மாட்டும் ஆணி. ஆணியும் இல்லை.

"சாதியா! ஏ ஆத்தா!"

"யாருங்க சாதியா?" என்றாள் ரம்லத் உள்ளேயிருந்து.

ஓடினார். அடுப்படித் தரையில் ரம்லத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. சோற்றைச் சின்னதாக உருட்டினாள். எதிரே வெறுங்காற்றில் நீட்டினாள். விரல்களைத் திறந்தாள்.

சோறு தரையில் விழுந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. அவள் அடுத்த உருண்டையை உருட்டினாள்.