ஷாமினி மாற்றிப் போட்ட டிக்

முதலில் அவள் பார்த்தது அவன் கைகளைத்தான். முகத்தை அல்ல!

சிரிக்காதீர்கள். ஷாமினிக்கு அன்றைக்கு வேலையே அதுதான். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் கிருமித் தடுப்புத் தாதி. அது சம்பள வேலை. சம்பளமில்லாத வேலை இன்னொன்றும் உண்டு... பேராக் மாநிலக் கிருமித் தடுப்பாளர் சங்கத்தின் செயலாளர்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். ஓர் உறுப்பினர் வேலை செய்யும் இடத்துக்கு, முன்பின் தெரியாத இன்னோர் உறுப்பினர் நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி போய் உட்கார வேண்டும். எப்போது கை கழுவுகிறார், எப்போது கையுறை மாற்றுகிறார் என்று கமுக்கமாகப் பார்க்க வேண்டும். செய்தால் டிக், செய்யாவிட்டால் குறுக்குக்கோடு. மொத்தம் இருபது கட்டம். யாரைப் பார்க்கிறோம் என்று பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

இந்த முறை அவளுக்கு விழுந்தது ஈப்போவிலேயே சிலிபின் பகுதியில் ஒரு டயாலிசிஸ் நிலையம். நீலச் சட்டை போட்ட ஆண் தாதியைப் பார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பார்த்தாள்.

அப்பா... என்ன கைகள் அவை! ஓயாமல் கழுவிக் கழுவிக் காய்ந்துபோன கைகள். விரல் முட்டிகளில் மெல்லிய வெடிப்புகள். எரியுமே என்று இவளுக்குத் தோன்றியது. அவனோ ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் கட்டைவிரல், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று ஒன்றையும் விடாமல் தேய்த்தான். டிக், டிக், டிக்... பத்தொன்பது டிக் ஆகிவிட்டது.

இருபதாவது கட்டத்துக்கு வந்தபோது ஐந்தாம் மெஷின் அலறியது. அதில் படுத்திருந்த பிச்சைமுத்து என்ற பெரியவருக்குத் தலை சாய்ந்து கண் செருகிவிட்டது. மூன்றாம் மெஷினில் ஒருவரின் கையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டிருந்த நீலச்சட்டை, பஞ்சை அவரையே அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினான். குழாயைத் திருகினான், பெரியவரின் காலைத் தூக்கி வைத்தான், அவர் கையைப் பிடித்தான். "அய்யா... அய்யா, கண்ணத் தொறங்க!"

பெரியவர் கண்ணைத் திறந்தார். எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

ஷாமினி மட்டும் விடவில்லை. அவள் பார்த்துவிட்டாள். மூன்றாம் மெஷினில் போட்டிருந்த அதே கையுறை... மாற்றவே இல்லை. இருபதாவது கட்டத்தில் குறுக்குக்கோடு போட்டாள்.

அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள்... பயந்து, பயம் தெளிந்து, இப்போதுதான் ஈரமாகியிருந்த கண்கள். அவை நேராக இவளையே பார்த்தன. போச்சுடா என்று குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நீலச்சட்டை அவள் நாற்காலிக்கு முன்னால் நின்றது.

"மிஸ்ஸு... ரெண்டு மணி நேரமா என் கையவே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. என்னா, கைரேகை ஜோசியமா?"

"சேச்சே... நான் பெரியப்பாவப் பார்க்க வந்தேன்."

"எந்தப் பெரியப்பா?"

திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்துப் படுக்கையைக் காட்டினாள்.

"அவரா? அவரு சீனரு லா மிஸ்ஸு!"

காது மடல்வரை சூடேறியது ஷாமினிக்கு. "அது... தூரத்துச் சொந்தம்..."

"ரொம்ப தூரம் போல!" முகமூடிக்குள் அவன் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. பையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே பார்த்தால் மழை! மத்தியானமானால் ஈப்போ மழைக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வாசலில் திகைத்து நின்றவளின் தலைக்கு மேலே ஒரு குடை வந்தது. கார்வரை கூடவே வந்தான். குடை முழுக்க இவள் பக்கம். அவன் வலது தோள் தொப்பலாக நனைந்துவிட்டது.

"பெரியப்பாவ அடிக்கடி வந்து பாருங்க மிஸ்ஸு. பாவம், அவருக்கும் ஆளில்ல..."

கார்க் கதவைச் சாத்திய பிறகுதான் ஷாமினி சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று!

அந்தச் சிரிப்பு அடங்குமுன் கைப்பேசி அடித்தது. சங்கத் தலைவி விமலா அக்கா.

"முடிஞ்சிச்சா ஷாமினி? சீட்டு சுத்தமா இருக்குல்ல? இப்ப சொல்லலாம்... நீ பார்த்தது யுகேந்திரன். இந்த வருஷம் நம்ம சங்கத்துல தொண்டு செய்யறவங்களுக்கு மரியாத செய்யறோம்ல, அதுல மொத பேரு அவருதான்."

யுகேந்திரன்! அந்தப் பெயரை ஷாமினி நூறு தடவை தட்டச்சு செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டாரில் கிளம்பி, சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்து வீடுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போய்க் கை கழுவக் கற்றுக்கொடுக்கிற ஆள். ஆறு வருடமாக. பெட்ரோல் காசுகூடக் கேட்டதில்லை. ஆளை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

"நம்ம ஆளுங்களுக்கு யாரு கை தட்டறா, சொல்லு? நோய் வந்தாத்தான் பேப்பர்ல போடுவான். வராம தடுத்தவன யாரு போடறா? நாமதான் கூப்பிட்டு ஒரு மாலையாச்சும் போடணும்" என்றார் விமலா அக்கா. "ஆனா சட்டம் சட்டந்தான். ஒரு குறுக்குக்கோடு இருந்தாலும் பேர எடுத்துரணும். அப்படி ஒண்ணும் இல்லேல்ல?"

மழை கண்ணாடியில் வழிந்தது. வாசலில் அவன் இன்னும் நின்று, ஈரத் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஓர் உயிரைக் காப்பாற்ற ஓடினவன்... இருபதில் ஒன்று... யார் பார்த்தார்கள்?

"இல்லக்கா. இருபதும் டிக்" என்றாள்.

கைப்பையில் புதுப் படிவம் ஒன்று இருந்தது. இருபது டிக் போட்டாள். படம் பிடித்து அனுப்பினாள். பழையதை நான்காக மடித்துப் பையின் அடியில் செருகினாள். ஏழு வருடத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாத பெண். அன்றைக்கு எழுதினாள்... ஒரு நனைந்த தோளுக்காக.

மரியாதை பெறப்போகிறவர்களுக்குத் தகவல் சொல்வது செயலாளரின் வேலை. மூன்று நாள் கழித்து அவனை அழைத்தாள். குரலை மாற்றிப் பேசிப் பார்த்தாள். எங்கே!

"பெரியப்பா எப்படி இருக்காரு மிஸ்ஸு?"

"ஐயோ... கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"அந்தக் கொரல மறக்க முடியுமா லா?" என்றான். அவள் நெஞ்சு ஒரு தடவை தவறி அடித்தது. மரியாதை விஷயத்தைச் சொன்னாள். அவன் குரலில் சிரிப்பு நின்றது. பிறகு, மிக மெதுவாக, "அப்ப... அன்னிக்குச் சீட்டு எழுதினது நீங்கதானா?"

"ஆமா."

"இருபதுக்கு இருபதுன்னு எழுதினதும் நீங்களா?"

"ஆமா... ஏன்?"

"ஒண்ணுமில்ல மிஸ்ஸு." வைத்துவிட்டான்.

ஒண்ணுமில்ல என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஷாமினிக்குச் சோறு இறங்கவில்லை. கைப்பேசி அடித்தால் திடுக்கிட்டாள், அடிக்காவிட்டால் இன்னும் பயந்தாள். பையின் அடியில் அந்த மடித்த தாள் கிடப்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தெரிந்திருக்குமோ? தெரிந்தால் என்ன நினைப்பான்? நல்லதுதானே செய்தேன்... நல்லதுதானா?

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவனே அவள் மருத்துவமனைக் கேண்டீனுக்கு வந்துவிட்டான். முகமூடி இல்லாமல் முழு முகத்தை அப்போதுதான் பார்த்தாள். அழகான முகம். அதில் சிரிப்புதான் இல்லை.

"தே தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள், என்ன பேசுவது என்று தெரியாமல்.

"வேணாம் மிஸ்ஸு. ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டுப் போறேன். அன்னிக்கு நான் கிளவுஸ் மாத்தல. மூணாம் நம்பர் ஆளோட ரத்தம் அதுல இருந்திருக்கும். அதோடதான் பிச்சைமுத்து அய்யாவத் தொட்டேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் எனக்கே ஒறைச்சிச்சு. ஒடனே டூட்டி புக்குல எழுதிட்டேன். நோய் ஏதும் தொத்திச்சான்னு அய்யாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கணும்னு மேனேஜர்கிட்ட சொன்னேன்."

ஷாமினியின் கையில் இருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"மேனேஜரு என்னா சொல்றாரு தெரியுமா? 'சங்கத்து ஆளு வந்து பார்த்திருக்கு, இருபதுக்கு இருபது. ஒனக்குத்தான் மண்டக் கொழப்பம். டெஸ்ட் ஒண்ணும் வேணாம்.' பதினோரு நாளா நான் கெஞ்சறேன். அய்யாவோ ஒண்ணும் தெரியாம, 'நல்லாருப்பே தம்பி, நீதான் என்னக் காப்பாத்தின'ன்னு கையப் பிடிச்சிக்கறாரு. எனக்குத் தூக்கமே இல்ல மிஸ்ஸு."

"நான்..."

"வந்து உக்காந்தது யாரோ பார்க்கத் தெரியாத ஆளுன்னு நெனச்சேன். போன்ல ஒங்க கொரலக் கேட்டதும்... நீங்க பார்த்தீங்க. ஒங்க பென்சில் குறுக்கே போனத நான் பார்த்தேன். ஏன் மாத்தினீங்க?"

என்ன சொல்வாள்? உங்கள் தோள் நனைந்ததே என்றா?

"எங்கம்மா எங்க புந்தோங் வட்டாரம் பூரா சொல்லி வெச்சிட்டாங்க, மகனுக்கு மாலை போடப் போறாங்கன்னு. அந்த மாலைய வாங்கினா என் கழுத்து கூசும். நான் வரமாட்டேன்." போய்விட்டான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கோபம்தான் வந்தது ஷாமினிக்கு. பெரிய அரிச்சந்திரன்! யாருக்காகச் செய்தேன்? அப்புறம் பிச்சைமுத்துவின் சாய்ந்த தலை கண்முன் வந்தது. கோபம் கரைந்து, முதுகுத்தண்டில் பயம் ஓடியது. பதினோரு நாள்! தன் ஒரு டிக், ஒரு பெரியவரின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்றே பார்க்கவிடாமல் வழிமறித்து நின்றிருக்கிறது. கிருமித் தடுப்பாம்... நல்ல தடுப்பு!

அப்படியே எழுந்து, சீருடையோடு விமலா அக்காவின் வீட்டுக்குப் போனாள். மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுதான் நெசம்கா. நான் அனுப்பினது பொய்."

விமலா அக்கா தாளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "ஏண்டி இப்படி?" என்றார். நாற்பது வருடம் நோயாளிகளின் முகத்தைப் படித்தவர், இந்த முகத்தையா படிக்க மாட்டார்? பெருமூச்சு விட்டார்.

"செயலாளர் பொறுப்ப விட்டுடு. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனாலும் விட்டுடு. யுகேந்திரன் பேரையும் எடுத்தாகணும்."

"சரிக்கா. ஆனா மொதல்ல மேனேஜருக்குப் போன் பண்ணுங்க. இப்பவே. டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

விமலா அக்கா அவள் எதிரிலேயே அழைத்தார். போட்ட போட்டில் மேனேஜர் அன்று மாலையே ரத்தம் எடுக்க ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை, புந்தோங்கில் ஒரு மண்டபத்தில் விழா. மேடையில் இருக்க வேண்டியவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காரணம் தெரிந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். வெளியே அதே மழை...

நான்கு பேரை அழைத்தார்கள். கம்பாரில் முதியோர் இல்லங்களைக் கவனிக்கும் ஓய்வுபெற்ற தாதி, பாகான் செராய் கிராமங்களில் வகுப்பெடுக்கும் ஆசிரியை, இன்னும் இருவர். மேடை ஏறிப் பழக்கமில்லாதவர்கள். மாலை விழுந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஷாமினிக்குக் கண் நிறைந்தது. அவர்களோடு முதல் ஆளாக ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டும்.

அப்போது அவளுக்குப் பின்னால் யாரோ பலமாகக் கைதட்டினார்கள். திரும்பினாள். ஈரச் சட்டையோடு, கதவோரத்தில்... யுகேந்திரன்!

கால்கள் தானாக எழுந்தன. இருவரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். ஓட்டிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வரமாட்டேன்னு சொன்னீங்க..."

"மாலை வாங்க வரமாட்டேன்னேன். மத்தவங்களுக்குக் கை தட்ட வரக் கூடாதா?" என்றான். "நேத்து ரிசல்ட் வந்திச்சு மிஸ்ஸு. இப்போதைக்குச் சுத்தம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பார்க்கணும். அதுல வரலன்னாத்தான் நிம்மதி."

அப்பாடா என்று பாதி மூச்சுதான் விட முடிந்தது அவளால். மீதி, மூன்று மாதத்துக்கு அப்புறம்.

"என்ன மன்னிச்சிடுங்க" என்றாள்.

"விமலா அக்கா எல்லாம் சொன்னாங்க. பொறுப்பு போச்சாமே... என் பேரு போனது எனக்கு வலிக்கல. ஒங்க பேரு போனதுதான்..." நிறுத்தினான். "கேண்டீன்ல ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லல."

ஷாமினி நிமிர்ந்தாள். எவ்வளவு பயந்தாயிற்று, இனி என்ன?

"ஒங்களப் பிடிச்சிருந்திச்சு. அதான் மாத்தினேன். தப்புன்னு தெரிஞ்சே மாத்தினேன். போதுமா?"

அவன் காதுகள் சிவந்தன.

"எனக்கும் பிடிச்சிருந்திச்சு" என்றான். "அப்பறம் ரொம்பக் கோவம் வந்திச்சு. அப்பறம்... நீங்களே போயி அந்தத் தாள எடுத்து வெச்சீங்கன்னு கேட்டேன் பாருங்க... அதுலேருந்து இன்னும் அதிகமா பிடிச்சிருச்சு. என்னா பண்றது லா?"

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"இந்த மூணு மாசத்த நெனச்சாத்தான் பயமா இருக்கு ஷாமினி." முதல் தடவையாகப் பெயரைச் சொன்னான். "தனியாக் காத்திருக்க முடியும்னு தோணல. கூட இருக்கீங்களா?"

வெடிப்பு விழுந்த அந்த விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள் ஷாமினி.

"இருக்கேன்" என்றாள். "ரிசல்ட் எதுவா இருந்தாலும் இருக்கேன். இத மட்டும் மாத்திச் சொல்ல மாட்டேன்."